தையல் பிரித்த பிறகுதான் பாடே
தையல் பிரித்துவிட்டால் காயம் ஆறிவிட்டது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தீக்காயத் தழும்பு இழுத்துக்கொண்டதால் என் தங்கைக்குக் கழுத்தில் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். 2 வாரத்தில் தையல் பிரித்தார்கள், சரி. உண்மையான பாடு அப்புறம்தான் தொடங்கியது. ஒட்டிய தோல் சுருங்கப் பார்க்கும் என்பதால் இரவும் பகலும் கழுத்துப் பட்டை, குளிக்க மட்டும் கழற்றலாம். அரிப்பில் தூக்கமே போனது, பாவம். 3 வாரம் ஆன காயத்துக்குப் பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முழுதாக ஆறினாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. தழும்பின் சிவப்பு மங்கி, மெத்தென்று ஆக அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முதல் நாளே இதை யாராவது சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு மனம் உடைந்திருக்க மாட்டாள்.