தொழில்: விவசாயம்

தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். தொழில் என்ற இடத்தில் நிறையப் பேர் விவசாயம் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓமந்தூரார் ஞாபகம் வரும்.

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். வெறும் இரண்டு வருஷம். அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், அப்புறம் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஜமீன் சீமையாகவே கிடந்த ஊர்களில், உழுதவன் பேருக்குப் பட்டா வர வழி செய்த சட்டம் அது. பதவி போனதும் வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்க உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மேலூர்ப் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. தும்பைப்பட்டி கக்கன் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தபோதுதான், 1959-ல், வைகை அணை திறந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணை என்ற இடத்தில் கால்வாய்க்குத் திரும்பி, கள்ளந்திரி வரை இருபோகம் பாய்கிறது. அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். நாங்கள் அதிலும் கடைமடை. ஒரு வருஷம் தண்ணீர் தாமதமாக வந்தது, நடவும் தள்ளிப்போனது, பயிர் சூல் கட்டும் நேரம் பார்த்து முறைப்பாசனம், அதாவது முறை வைத்துத்தான் தண்ணீர் என்று சொல்லி அடைத்துவிட்டார்கள். மனு கொடுத்தோம், பார்க்கலாம் என்றார்கள். கதிர் வந்தது, பாதிக்கு மேல் பதர். அப்பா களத்தில் தூற்றிக்கொண்டே இருந்தார், காற்று வாங்கிப் போனதுதான் அதிகம்.

அந்த நேரத்தில் பத்து நாள் தண்ணீர் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்த ஒரு ஆள் சட்டமன்றத்தில் எழுந்து பேச வேண்டும். அதிகாரி எழுதிக் கொடுத்த குறிப்பில் அது இருக்காது. ஆனால் உண்மையான விவசாயி தேர்தலுக்குச் செலவழிக்க எங்கே போவான், டெபாசிட் கட்டவே கடன் வாங்க வேண்டும். ஜெயித்தாலும் சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்து, வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இரண்டு வருஷத்தில் மடை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும் சரி, வாசலில் நிறுத்தி ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: போன போகத்தில் உங்கள் வயலுக்குக் கடைசித் தண்ணீர் என்றைக்குப் பாய்ச்சினீர்கள்?