பொறாமை மட்டும்தானா?
கழிப்பறைக்குப் போகப் பழகிய குழந்தை மறுபடி ஜட்டியிலேயே மலம் போனால், அதற்குக் காரணம் புதிதாகப் பிறந்த தம்பி மேல் உள்ள பொறாமைதான் என்று நான் படித்த கட்டுரை முடித்துவிடுகிறது. மலச்சிக்கலையும் பார்க்க வேண்டாமா? எங்கள் பெண் எல்கேஜி சேர்ந்த புதிதில் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொண்டே வருவாள். வீட்டிலும் மலத்தை அடக்கக் கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள். ஜட்டியில் தண்ணீராகக் கசிந்ததும் வயிற்றுப்போக்கு என்று மாமியார் மாதுளைத் தோல் கஷாயம் வைத்தார். உள்ளே இறுகிக் கிடந்த மலத்தின் ஓரமாகத்தான் கசிகிறது என்றார் குழந்தை மருத்துவர். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இப்படிப் போகும் குழந்தைக்கு இரண்டு அடி போடச் சொல்கிறார். அடித்தால் இன்னும்தான் அடக்குவார்கள். எங்களுக்கு உதவியது மலம் இளக மருந்து, சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது, அப்புறம் வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்காமலிருக்க ஒரு முக்காலி. முழுதாகச் சரியாகச் சில மாதங்கள் ஆயின.