பைன் மரத்தடியில் எதுவும் முளைக்காதா?

"பைன் ஊசியிலைகள் மண்ணை அமிலமாக்கிவிடும், அதனால் பைன் காட்டில் வேறு செடியே வளராது" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

பச்சை ஊசியிலை அமிலத்தன்மை கொண்டதுதான். ஆனால் அது மட்கும்போது அந்தத் தன்மை பெரும்பாலும் குறைந்துவிடும். மண்ணின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது அடியில் இருக்கும் பாறை.

ஆல்ப்ஸ் மலையைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறை, அதைப் போன்ற டோலமைட் பாறை மேல் நிற்கும் பைன் காடுகளில், பாறையிலிருந்து வரும் கால்சியம் அமிலத்தை முறித்துவிடுகிறது. மண் ஆழமில்லை, சத்தும் குறைவு. அதனால் எந்தப் புல்லும் ஓங்கி வளர்ந்து மற்றவற்றை அமுக்க முடியாது. மரங்கள் இடைவெளிவிட்டு நிற்பதால் வெயிலும் தரைக்கு வருகிறது. எரிகா புதர், செஸ்லேரியா புல், கருஞ்சிவப்பு ஆர்க்கிட் என்று தரை நிறைந்து கிடக்கும், அவ்வளவு அழகு!

கிரானைட் பாறை மேல் கதையே வேறு. அமிலத்தை முறிக்க அங்கே கால்சியம் போதாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்கும். அதைத் தாங்கும் பில்பெரி போன்ற செடிகளே அங்கே அதிகம். ஊசியிலைப் படுக்கை மேல்மண்ணின் அமிலத்தைக் கூட்டுவதும் இங்கேதான். வதந்தியில் உண்மை இவ்வளவுதான்.

ஆல்ப்ஸில் வளரும் ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதரிலேயே இந்த வித்தியாசம் தெரியும். சுண்ணாம்பு மண்ணில் வளரும் இனத்துக்கு இலையோரம் மயிர் இருக்கும். அமில மண்ணில் வளரும் இனத்துக்கு இலையின் அடிப்புறம் துரு நிறம்.

சரி, நெருக்கமாக நட்ட பைன் தோப்புகளில் தரை வெறுமையாக இருக்கிறதே? அதற்கு முக்கியக் காரணம் நிழலும், விதை மண்ணைத் தொட விடாத தடித்த சருகும்.