அடேர் பைபாஸ் திறந்த மறுநாள்

அயர்லாந்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிமரிக்கிலிருந்து கெர்ரி பக்கம் போகிறவர்களுக்கு அடேர் ஊரின் வண்டி வரிசையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்20 மோட்டார்வேயில் சரசரவென்று வந்து, அட்டிஃபிளின் சந்திப்பில் என்21-க்குப் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே முன்னால் சிவப்பு விளக்குகள் தெரியும். லிமரிக்கையும் டிரலியையும் இணைக்கும் இந்தத் தேசியச் சாலை, மேய்க் ஆற்றின் மேல் இடைக்காலத்தில் கட்டிய 14 வளைவுப் பாலத்தைத் தாண்டி, வைக்கோல் கூரை வீடுகள் நிற்கும் அதே கடைத்தெரு வழியாகத்தான் இன்றைக்கும் போகிறது. ஒரு பக்கம் சரக்கு லாரி, இன்னொரு பக்கம் படம் எடுத்துக்கொண்டு நிற்கும் சுற்றுலாப் பயணி. இரண்டுக்கும் நடுவில் சில மீட்டர் அகலம்.

இந்த வரிசை ஏன் சட்டென்று நீள்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். தடங்கல் இல்லாத ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1800 வண்டிகள் போக முடியும். கடைத்தெருவில் பாதசாரி சிக்னல், வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் கார், பார்க்கிங் தேடி ஊர்ந்து போகிறவர், ஆட்களை இறக்கும் டூரிஸ்ட் பஸ் என்று எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைக் கடித்துத் தின்றுவிடும். உதாரணத்துக்கு, மணிக்கு 1000 வண்டிதான் ஊரைத் தாண்ட முடிகிறது, வருவதோ 1200 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 வண்டி மிச்சம். மூன்று மணி நேரத்தில் 600. இடைவெளியோடு சேர்த்து ஒரு வண்டிக்கு 7 மீட்டர் என்றால் 4.2 கிலோமீட்டர் வரிசை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வண்டி வந்தாலே போதும், நீண்ட வார இறுதியில் ஊர் அடைத்துக்கொள்ளும். வரத்து 1000-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் வரிசை கரையவே தொடங்கும். அதனால்தான் ஏழு மணிக்கு மேலும் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்போது பைபாஸ் வேலை நடக்கிறது. 2027 செப்டம்பரில் அடேர் மேனர் மைதானத்தில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி, அதற்கு முன்பு திறந்துவிட வேண்டும் என்பது இலக்கு. ஊரில் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போவது நியாயம்தான். ஆனால் பேச்செல்லாம் திறப்பு நாளைச் சுற்றியே இருக்கிறது. கேட்க வேண்டியது மறுநாளைப் பற்றி. புதுச் சாலையில் வண்டி ஓடத் தொடங்கியதும் பழைய சாலையை என்ன செய்யப் போகிறோம்? இந்தச் சாலையால் அடேருக்குக் கிடைக்கப்போகும் நன்மையில் பாதி இந்த ஒரு கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

முதலில் எது கட்டப்படுகிறது என்பதில் தெளிவு வேண்டும். ஃபோய்ன்ஸ் துறைமுகத்திலிருந்து லிமரிக் வரையிலான மொத்தத் திட்டம் சுமார் 35 கிலோமீட்டர். அதில் ஃபோய்ன்ஸ் முதல் ராத்கீல் வரை 15.6 கிலோமீட்டர் இரட்டைச் சாலை, ராத்கீல் முதல் அட்டிஃபிளின் வரை 17.5 கிலோமீட்டர் மோட்டார்வே, அஸ்கீட்டனுக்கு ஒரு சிறு இணைப்பு. 2022 ஆகஸ்டில் திட்ட அனுமதி கிடைத்தது. முன்கூட்டியே திறக்கப் பார்ப்பது அடேரைச் சுற்றிப் போகும் சுமார் 7 கிலோமீட்டர் மட்டுமே. முழுத் திட்டமும் திறக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

"7 கிலோமீட்டர்தானே, ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்பவர்களுக்கு: மேய்க் ஆற்றில் கடல் ஏற்றம் அடேர் வரைக்கும் வரும். அப்படிப்பட்ட ஆற்றோரம் வண்டல் களிமண், மெத்தை மாதிரி. அதன் மேல் மண்ணைக் கொட்டி மேடு போட்டால் மேடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். களியில் உள்ள தண்ணீர் சீக்கிரம் வெளியேற வழி இல்லாமல் மெதுவாகக் கசிவதே காரணம். இம்மாதிரி நிலத்தில் வழக்கமாகச் செய்வது, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் வடிநாடாக்களை ஒன்று, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் செங்குத்தாக இறக்கி, மேலே தேவைக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர் அதிக மண்ணைப் பாரமாக ஏற்றி, மாதக்கணக்கில் விட்டுவிடுவது. அடியில் பதித்த தகடுகள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன என்று அடிக்கடி அளப்பார்கள். இறக்கம் அடங்கிய பிறகே கூடுதல் மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி, தார் என்று மேலே போவார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது பாலத்தின் வாயில் தெரியும். பாலம் பாறை வரை இறக்கிய தூண்களில் நிற்கிறது, அசையாது. பக்கத்து மண்மேடு இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி உண்டாகி, 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் தூக்கிப் போடும். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தைச் சுரண்டித் தார் போட வேண்டும்.

கடைசிக் கட்டத்திலும் இதே மாதிரி ஒரு குழப்பம் வரும். தார் போட்டாயிற்று, கோடு போட்டாயிற்று, பலகைகள் கறுப்புத் துணியில் சுற்றி நிற்கின்றன, ஆனாலும் பீப்பாய் வைத்து மூடியே இருக்கும். "சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று கோபம் வரும். நடுத் தடுப்பு, வேலி, வடிகால், பிரதிபலிப்புக் கற்கள், பலகைகள் எல்லாம் சரியா என்று திறப்புக்கு முந்தைய பாதுகாப்புத் தணிக்கை பகலிலும் இரவிலும் ஓட்டிப் பார்க்கும். இரவில் ஒரு பலகை தப்பான தடத்தைக் காட்டுவதாகத் தெரிந்தால் அதை மாற்றாமல் திறக்கக் கூடாது. இந்தச் சில வாரத் தாமதத்துக்காக யாரும் யாரையும் நெருக்க வேண்டாம்.

இனி, திறந்த பிறகு நெரிசல் உண்மையிலேயே போகுமா? இதற்குக் கால்வே மாவட்டத்தில் நல்ல பாடம் இருக்கிறது. கோர்ட்டிலிருந்து டூவம் வரை எம்18, எம்17 சேர்ந்து 57 கிலோமீட்டர், 2017 செப்டம்பர் 27 அன்று திறந்தது. எதிர்பார்ப்பு இரண்டு ஊர்களில் மிக அதிகம்: தெற்கே கிளாரின்பிரிட்ஜ், வடக்கே கிளேர்கால்வே. கிளாரின்பிரிட்ஜ் வழியாகப் போன லிமரிக் லாரிகளும் நெடுந்தூர வண்டிகளும் விலகிப் போயின. கிளேர்கால்வேயில் நிலைமை வேறு. பழைய பிரான்சிஸ்கன் மடத்துக்கும் கோட்டைக்கும் பக்கத்தில் காலை வரிசை பின்னாளிலும் தொடர்ந்தது. காரணம் எளிது. டூவத்திலிருந்து லிமரிக் போகிறவருக்கு மோட்டார்வே வரப்பிரசாதம். டூவத்திலிருந்து கால்வே நகரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கோ அது கிழக்கே சுற்றி, ராத்மோரிசி சந்திப்பில் எம்6-க்கு மாறி, கடைசியில் நகரத்தின் கிழக்கு வாசலில் நெரிசலில் கொண்டுபோய் விடும். நேர்வழியான பழைய சாலையே அவருக்குத் தோதுப்படும். அந்தச் சாலைக்கு என்83 என்று பெயர் மாறியதே தவிர அதன் வேலை மாறவில்லை.

ஆக, பைபாஸ் காப்பாற்றுவது ஊரைத் தாண்டிப் போகிறவர்களின் நெரிசலிலிருந்து. ஊருக்கே வருகிறவர்களின் நெரிசலை அது தொடாது. அடேரில் இரண்டும் கலந்திருக்கிறது. கெர்ரி, நியூகாசில் வெஸ்ட் போகும் கூட்டம் நிச்சயம் விலகும். டூரிஸ்ட் பஸ், கல்யாண வீட்டுக் கார்கள், ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் வந்துகொண்டுதான் இருப்பார்கள். சாலை காலியானதைக் கண்டு இன்னும் அதிகம் பேர் வரவும் கூடும். பஸ் நிறுத்த ஊருக்கு ஓரத்தில் இடம் ஒதுக்காவிட்டால், கடைத்தெரு லாரிகளிடமிருந்து விடுபட்டு பஸ்களிடம் மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பழைய சாலை விஷயம் வருகிறது. லாரிக்காக அமைத்த அகலமான சாலையை அப்படியே விட்டால், நெரிசல் போன மறுவாரமே வண்டிகள் வேகம் பிடிக்கும். இதுவரை ஊர்ந்து வந்த கார்களுக்கு நடுவில் புகுந்து கடந்த முதியவர், இனி 60-ல் வரும் காருக்கு எதிரே நிற்க வேண்டியிருக்கும். 30 என்று பலகை நட்டால் மட்டும் யாரும் மெதுவாகப் போக மாட்டார்கள். சாலையின் வடிவமே ஓட்டுநரின் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். தடம் ஒன்றுக்கு 3 மீட்டர் அளவில் ஒடுக்குவது, மிச்ச அகலத்தை நடைபாதைக்குக் கொடுப்பது, கடக்கும் இடங்களைச் சாலையை விட உயர்த்தி நடைபாதை மட்டத்துக்கே கொண்டுவருவது, ஊர் எல்லையில் மரமோ கல் விளிம்போ வைத்து ஒரு வாசல் உணர்வு தருவது, உள்ளூரில் இறக்க வேண்டிய லாரி தவிர மற்றவற்றுக்குத் தடை. வேலை பெரிதில்லை, நேரம்தான் முக்கியம். முதல் ஆறு மாதத்தில் செய்தால் ஓட்டுநர்கள் புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று வருஷம் கழித்துச் செய்யப் போனால், "நன்றாகப் போய்க்கொண்டிருந்த சாலையைக் கெடுக்கிறார்கள்" என்று எதிர்ப்பு வரும்.

இதில் பணத்தின் பக்கம் ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. தேசியச் சாலையாக இருக்கும்வரை பராமரிப்புப் பணம் தேசியச் சாலைகளைக் கவனிக்கும் டிரான்ஸ்போர்ட் இன்ஃப்ராஸ்டிரக்சர் அயர்லாந்து அமைப்பு வழியாக வரும். பைபாஸ் திறந்ததும் பழைய துண்டைப் பிராந்தியச் சாலையாகத் தரம் மாற்றினால் பொறுப்பு மாவட்டக் கவுன்சிலின் கைக்கு வரும், அரசுத் துறை மானியத்தை நம்பி. பல ஆண்டுகள் லாரிகள் ஓடித் தேய்ந்த சாலை, பழைய பாலம், அடியில் கிடக்கும் வடிகால் குழாய்கள் எல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கை மாறுவதற்கு முன்னாலேயே சாலையைச் செப்பனிட்டு, கடைத்தெரு மாற்றங்களுக்கான பணத்தையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வண்டிகள் விலகினால் வியாபாரம் போய்விடும் என்ற கடைக்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடேர் விஷயத்தில் அந்தப் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை என்று நினைக்கிறேன். வரிசையில் சிக்கியவர் இறங்கி எதையும் வாங்குவதில்லை. டப்ளின்–கார்க் பாதையிலிருந்து 2010-ல் விலகிய அபிலீக்ஸ் ஊர் இன்றைக்கும் அழகாக நிற்கிறது. பெட்ரோல் பங்குக்கு மட்டும் அடி விழலாம். மோட்டார்வேயில் வருகிறவருக்கு ஊரைக் காட்டும் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகை வேண்டும், அதையும் திறப்புக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை, இதில் தாமதித்தால் திருத்தவே முடியாது. இது பால் மாடுகளின் நாடு. மோட்டார்வே நிலத்தை இரண்டாகப் பிளந்தால் மாடுகள் தினம் இரண்டு வேளை பால் கறக்கக் கடந்தாக வேண்டும். சுரங்கப்பாதையோ மேம்பாலமோ ஒப்பந்தத்தில் இருந்தால், அதன் அகலம் மாட்டுத் தீவனம் ஏற்றும் இன்றைய சைலேஜ் டிரெய்லருக்குப் போதுமா, தரையில் தண்ணீர் தேங்குமா, வடிகாலின் வாய் எங்கே திறக்கிறது என்று மழை நாளில் போய்ப் பாருங்கள். அதைவிட முக்கியம், சாலைக்கு அடியில் காலிக் குழாய்கள். தொட்டிக்குத் தண்ணீர், மின் வேலிக்குக் கம்பி, நாளைக்கு வேறு எதுவோ. தார் போடுமுன் இரண்டு குழாய் பதிக்க ஒரு காலை நேரம் போதும். மோட்டார்வே திறந்த பிறகு அதைத் தோண்ட யாரும் அனுமதிக்கமாட்டார்கள், அடியில் துளைத்துச் செல்லும் இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான யூரோ ஆகும்.

மோட்டார்வே என்று அறிவித்ததும் அதன் சட்டமும் கூடவே வரும். சைக்கிள், பாதசாரி, 50சிசி-க்கு உட்பட்ட வண்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் எட்டாத வண்டி, கற்றுக்கொள்ளும் அனுமதியில் ஓட்டுகிறவர், யாருக்கும் இடமில்லை. கடைசியாகச் சொன்னது நம்மவர்களுக்கு முக்கியம். இந்திய, இலங்கை உரிமத்தை அயர்லாந்தில் நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள், கற்றுக்கொள்ளும் அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தில் முழு உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருந்தாலும் எல் போர்டோடு மோட்டார்வேயில் ஏறக் கூடாது. ஜிபிஎஸ் அங்கேதான் தள்ளும், அதில் மோட்டார்வேயைத் தவிர்க்கும் அமைப்பை முன்பே போட்டு வையுங்கள். இவர்களும் டிராக்டர்களும் சைக்கிள்காரர்களும் பழைய சாலையிலேயே போவார்கள். அந்தச் சாலையை ஒழுங்காக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

புதுத் தார் முதல் சில வாரங்களுக்குக் கொஞ்சம் வழுக்கும். ஜல்லியின் மேல் தார்ப் படலம் தேயும்வரை சக்கரத்துக்குக் கல்லின் பிடி முழுதாகக் கிடைக்காது, திடீர் பிரேக்கில் தெரியும். இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் ஓரத் தடத்தில் ஒதுக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஓரத்தில் தெரியும் சிறு பலகையைப் பாருங்கள். சாலை எண், திசை எழுத்து, கிலோமீட்டர் மூன்றும் அதில் இருக்கும். 112 அவசர எண்ணுக்கு அழைத்து அதை வாசித்தாலே போதும்.

மிச்சம் இருக்கும் 28 கிலோமீட்டர்தான் என் பெரிய கவலை. ரைடர் கோப்பை முடிந்ததும் அவசரம் போய்விடும். ஃபோய்ன்ஸ் துறைமுகத்து லாரிகள் அடேர் பைபாஸால் ஒன்றும் பெரிதாகப் பலன் அடையாது, அவை இப்போதும் என்69-ல் அஸ்கீட்டன், கில்டைமோ பக்கம் வீடுகளை ஒட்டித்தான் போகின்றன. மேற்கே போகும் கார்களோ அடேரில் நிற்காமல் இன்னும் சீக்கிரமாக நியூகாசில் வெஸ்டுக்கும் அபிஃபீலுக்கும் போய்ச் சேரும். அந்த இரண்டு ஊருக்கும் இன்னும் பைபாஸ் இல்லை. அடேரில் கரைந்த வரிசை மொத்தமாக அங்கே வந்து நிற்கும் முதல் வெள்ளிக்கிழமை, திறப்பு நடந்த அதே வாரத்தில் வரும்.