சம்மர் கேம்ப்பில் இன்னொரு ஆள் எங்கே?

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சம்மர் கேம்ப் விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடும். வேலைக்குப் போகிற அப்பா அம்மாக்களுக்கு வேறு வழியில்லை, நானும் அனுப்பியிருக்கிறேன். ஏசி உண்டா, சிசிடிவி உண்டா, ஸ்நாக்ஸ் என்ன என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பல இடங்களில் ஒரே ஆள்தான். பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு வந்த ஒரு பெண்.

என் அக்கா மகள் போன வருஷம் மே மாதம் இப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்தாள். நாலு வயதிலிருந்து பதினொன்று வரை பதினைந்து பிள்ளைகள். மதியம் வரை தண்ணீரே குடிக்கமாட்டாள், பாத்ரூம் போக வேண்டிவருமே என்று. தாங்க முடியாமல் போனால் எல்லாரையும் ரயில் வண்டி மாதிரி சட்டையைப் பிடிக்கச் சொல்லி பாத்ரூம் வாசலுக்குக் கூட்டிப்போவாள். உள்ளேயிருந்து இவள் ஒரு அடி பாடணும், வெளியே அவர்கள் திருப்பிப் பாடணும். பாட்டு நின்றால் அங்கே ஏதோ வம்பு என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அது ஜாலியான விளையாட்டு.

ஒருநாள் ஒரு பையன் பெஞ்சிலிருந்து விழுந்து முகவாய் கிழிந்துவிட்டது. ஒரு கையால் துணியை வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஓனருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் எடுக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து ரெண்டு குட்டிகள் அழ, பெரிய பையன்கள் வாட்ச்மேனைக் கூப்பிடுகிறோம் என்று கேட் பக்கம் ஓட, இவள் யாரைப் பிடிப்பாள்? கடைசியில் வந்த அப்பா கேட்ட கேள்வி, "நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?" ஓனரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் கடைசியில் மதுரை கே.கே. நகரில், ஒரு தனியார் மழலையர் பள்ளிக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்த நாலு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனது. பள்ளிக்கு சீல் வைத்தார்கள், கைதும் செய்தார்கள். நாம் ரெண்டு நாள் கொதித்துவிட்டு, அடுத்த வாரமே வேறு கேம்ப்புக்குப் பணம் கட்டினோம். தொட்டிக்கு மூடி வேண்டும், சரி. பிள்ளைகள் பின்னால் போக ஒரு ஆளும் வேண்டுமே.

சிசிடிவி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடிக்காது. நடந்ததை அப்புறம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

தனியாக இருக்கிற அந்தப் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றியும் பேசணும். சாயங்காலம் ஆறரை வரை ஒரு பிள்ளையை யாரும் கூட்டிப்போக வரவில்லை என்றால், பூட்டிய ஹாலில் அவளும் அந்தப் பிள்ளையும் மட்டும். "நான் இவன் சித்தப்பா, அனுப்புங்க" என்று முன்பின் தெரியாத ஆள் வந்து குரலை உயர்த்தினால்? யார் யாரிடம் அனுப்பலாம் என்ற பட்டியல் கையில் இருந்தால்கூட, ஒற்றை ஆளாக நின்று மறுக்கத் தெம்பு வேண்டும். ஓனரே தொந்தரவு செய்தால்? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் என்றால் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம் என்று வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் சொல்கிறது. அதை அவளுக்குச் சொல்ல பக்கத்தில் ஒரு சக ஊழியர்கூடக் கிடையாது. அதேபோல, பெரியவர் ஒருவரே ஒருவர் என்றால் பிள்ளைக்கு அவரால் தீங்கு நடந்தாலும் பார்க்க ஆளில்லை. இப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படி நடந்தது தெரிந்த யாரும் புகார் சொல்லியே ஆகணும்.

தனியார் கேம்ப் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். 2025-ல் தமிழ்நாடு அரசு அங்கன்வாடிகளில் நிரப்புவதாக அறிவித்த 7,783 காலியிடங்களில் 3,592 உதவியாளர் இடங்கள். உதவியாளர் இல்லாத மையத்தில் டீச்சர்தான் அடுப்பையும் பார்க்கணும், ஓடுகிற பிள்ளையையும் பார்க்கணும். கொதிக்கிற சாம்பார் சட்டியையும் மூன்று வயதுப் பிள்ளையையும் ஒரே கண்ணால் எப்படிப் பார்ப்பது?

"இன்னொரு ஆள் போட்டால் கட்டுப்படியாகாது" என்பார்கள். உதவிக்கு வருகிற ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 800. கேம்ப் முடிகிற அன்று கொடுக்கிற மெடல், டி-ஷர்ட், போட்டோ ஃபிரேம் எல்லாவற்றையும் நிறுத்தினாலே பாதி வந்துவிடும். மீதியை நான் தருகிறேன், பலரும் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது ஆள் லீவு போடுகிற நாளில் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே பேசி வைக்கணும். என்னைக் கேட்டால் அன்றைக்கு ஓனர் வந்து உட்காரட்டும், இல்லையென்றால் கேம்ப்புக்கு லீவு விடட்டும். ஆபீஸில் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த மே மாதம் பணம் கட்டும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மிஸ் பாத்ரூம் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பாங்க?" பதிலில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆளை நேரில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். "வாட்ச்மேன் இருக்காருங்க" என்றால் வேறு இடம் பாருங்கள்.