தாட்டது நாங்கள்தான்

(உடையார்கட்டுப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுக்கரையில ஒரு சைக்கிள் ஒட்டுற கடை. தம்பி டியூப்பைத் தண்ணிக்குள்ள அமத்தி ஓட்டை பாத்துக்கொண்டிருக்கிறான். அண்ணை வாங்கில, கையில தேத்தண்ணி.)

தம்பி: என்னண்ணை, மூண்டு நாளாக் காலமை பாணும் சம்பலும் கடையில, அக்காவுக்குச் சுகமில்லையோ?

அண்ணை: அவ சுகமாத்தான் இருக்கிறா. நீ டியூப்பைப் பார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டியெண்டா இண்டைக்கு உனக்கு நித்திரை வராது.

தம்பி: பேயோ?

அண்ணை: பேயெண்டா ரெண்டு தேசிக்காயோட முடிஞ்சிடும். இது வேற. திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் எல்லே, முதல்நாள் முள்ளியவளைக் காட்டுவிநாயகருக்குப் பொங்கல், அதுக்கே சனம் போகத் துவங்கீடும், நாங்கள் வருசா வருசம் படலையடியில தண்ணிப்பந்தல் போடுறது உனக்குத் தெரியுந்தானே, அதுக்குக் கால் நட விடியவே அலவாங்கோட இறங்கீட்டன், அந்தப் பாலைமரத்தடியில ஒரு குத்துக் குத்தினன், டங் எண்டுது. என்னடா எண்டு காலை விட்டு மிதிச்சுப் பாத்தன். கீழ 'கிளிக்' எண்டு கேட்டுது பார்...

தம்பி: அம்மாளாச்சி! மிதிவெடியோ?

அண்ணை: எனக்கும் அதுதான் நினைப்பு. அப்பிடியே நிண்டிட்டன். ஒரு மணித்தியாலம், காலை எடுக்கேல்லை.

தம்பி: ஏன் எடுக்கேல்லை?

அண்ணை: காலை எடுத்தா வெடிக்குமெல்லோ.

தம்பி: அண்ணை, நான் வெடி எடுக்கிற வேலையில ரெண்டு வருசம் நிண்டனான். மிதிவெடி மிதிச்ச உடன வெடிக்கும், நீங்கள் காலை எடுக்குமட்டும் அது பாத்துக்கொண்டு இருக்காது, அதெல்லாம் படத்தில. அதைவிட, அலவாங்கால குத்தேக்க வெடிக்காதது உங்கட காலுக்கோ வெடிக்கப்போகுது?

அண்ணை: இதையெல்லாம் வாங்கில இருந்து வடிவாச் சொல்லலாம். அதுக்கு மேல நிண்டு பாக்கோணும். முதல் பத்து நிமிசத்தில அம்மாளாச்சிக்குப் பாற்செம்பு எண்டு நேந்தன். பேந்து காவடி. வெயில் ஏற ஏற தூக்குக்காவடி வரைக்கும் வந்திட்டன்.

தம்பி: இந்த வயசில முதுகில முள்ளுக் குத்தியோ? அக்கா ஒண்டும் செய்யேல்லையோ?

அண்ணை: வந்து, "ஏனப்பா கொக்கு மாதிரி நிக்கிறியள்" எண்டாள். சொன்னன். அம்பது யார் தள்ளி ஓடிப்போய் கிணத்துக்கட்டுக்குப் பின்னால நிண்டுகொண்டு கேக்கிறாள், "பாங்க் புத்தகத்தை எங்க வச்சனீங்கள்" எண்டு.

(இதைச் சொல்லிப்போட்டு அண்ணை தேத்தண்ணியை ஒரு இழுவை இழுத்தார். எந்த இடத்தில நிப்பாட்டோணும் எண்டு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.)

அண்ணை: அந்த நேரம் பார், ஒரு வான் வந்து படலையில நிக்குது. எனக்கு ஆரெண்டே தெரியாத சனம். புருசன், பெண்சாதி, நெடுவலா ஒரு பெடியன். வாறதெண்டா வா, தண்ணி குடிச்சிட்டுப் போ. அந்த மனிசன் என்ர காலைப் பாத்துக்கொண்டு சொல்லுறான், "ஐயா, உங்கட காலுக்குக் கீழ இருக்கிறதைத் தாட்டது நாங்கள்தான்."

தம்பி: ஐயையோ!

அண்ணை: எனக்குச் சீவன் போயிட்டுது. மனிசி மற்றப் பக்கம் போய் சேச்சுக்குப் பின்னால நிண்டாள். அவன் விடுறானில்லை, "பதினாறு வருசமா இதே நினைப்புத்தான் ஐயா, நீங்கள் கொஞ்சம் தள்ளினா நாங்களே எடுத்துக்கொண்டு போறம்" எண்டுறான். எடுத்துக்கொண்டு போற சாமானோடா அது?

தம்பி: என்னண்ணை அது?

அண்ணை: தையல் மெசின்! சிங்கர் மெசின்ர தலை. பூநகரிச் சனம், 2009 தை மாசம் இடம்பெயர்ந்து வந்து எங்கட வளவுக்க தறப்பாள் போட்டு இருந்திருக்குதுகள், அப்ப எங்கட வளவுக்க சனமான சனம், ஆற்ற முகம் ஞாபகம் இருக்கும் சொல்லு. பேந்து புதுமாத்தளன் பக்கம் ஓடேக்க தூக்கேலாமல் உரபாக்கில சுத்தித் தாட்டவையாம். நான் மிதிக்கக் கிளிக் எண்டது சில்லுச் சுத்தினதாம். இப்ப சொல்லு, பதினாறு வருசம் சும்மா கிடந்தது, நான் கால் வச்ச அந்த மணித்தியாலத்தில உடையவன் வந்து படலையில நிக்கிறான். மயிர்க்கூச்செறியுதோ இல்லையோ?

தம்பி: கொஞ்சம் எறியுதுதான். ஆனா அண்ணை, தாட்டவை அடையாளத்துக்குப் பெரிய மரமாப் பாத்துத் தாட்டிருப்பினம். நீங்கள் நிழலுக்குப் பெரிய மரமாப் பாத்துப் பந்தல் போட்டியள். அவை பொங்கலுக்குப் போற வழியில இறங்கியிருக்கினம், நீங்கள் கிண்டினதும் பொங்கலுக்குத்தானே.

அண்ணை: பொங்கல் வருசா வருசம் வருது, ஏன் இந்த வருசம் மட்டும்?

தம்பி: முந்திப் பந்தல் எதில போட்டனீங்கள்?

அண்ணை: ...வேம்படியில. போன மாசம் காத்துக்கு முறிஞ்சுபோச்சு.

தம்பி: பேந்தென்ன.

அண்ணை: உனக்கு எதையும் அனுபவிக்கத் தெரியாதடாப்பா.

தம்பி: சரி, மெசினும் கிடைச்சுது, வெடியும் இல்லை, சந்தோசமாத்தானே முடிஞ்சுது. ஏன் வீட்டில சாப்பிடுறியள் இல்லை?

அண்ணை: (மெல்லமா) உரபாக்குக்குள்ள மெசினை ஒரு சீலையால சுத்தியிருந்தவை. உக்கிப்போச்சு, ஆனா அந்தப் பச்சைக் கரை மட்டும் அப்பிடியே. மனிசி சேச்சுக்குப் பின்னால இருந்து ஓடி வந்து பாத்தாள். அவளின்ர கலியாணத்து நாலாம் சடங்குக்கு மாமி எடுத்துக் குடுத்த காஞ்சிபுரம்.

தம்பி: களவோ?

அண்ணை: அப்பிடியெண்டா நல்லதெல்லே. அந்தப் பொம்பிளை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொல்லுறா, "ஐயாதானம்மா தந்தவர், கைப்பிள்ளையோட இருக்கிறன் எண்டு கிணத்தடியில மறைப்புக் கட்டச் சொல்லி, மனிசி காணமுதல் கெதியாக் கொண்டுபோங்கோ எண்டு தந்த தெய்வம்." அந்தக் கைப்பிள்ளைதான் இந்த நெடுவல்.

தம்பி: நீங்கள் அக்காவுக்கு என்ன சொல்லி வச்சனீங்கள்?

அண்ணை: செல் விழுந்து எரிஞ்சுபோச்சு எண்டு. பதினாறு வருசமா.

தம்பி: (சிரிப்பை அடக்கி) எண்டாலும் அண்ணை, காலை எடுத்தா வெடிக்காது எண்டு நான் சொன்னது சரிதானே.

அண்ணை: உனக்கு ரெயினிங் தந்தவன் பிழையாச் சொல்லித் தந்திட்டானடா. காத்தை அடி கெதியா, மத்தியானத்துக்கும் நான் எங்கையாவது போகோணும்.