என் டாஸ்க்பாரை எனக்கே புது வசதி என்று தராதீர்கள்

விண்டோஸ் திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டைதான் டாஸ்க்பார். அதைப் பக்கவாட்டில் வைத்து வேலை பார்க்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேராம். அதனால் அந்த வசதியைத் தூக்கிவிட்டார்களாம். 2021 அக்டோபர் 5-ல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பார் கீழே உட்கார்ந்துகொண்டு நகரவே மாட்டேன் என்றது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து மௌஸால் பிடித்து இழுத்தால் நாலு பக்கமும் போய்க்கொண்டிருந்த ஒன்று அது. ஆயிரக்கணக்கான பேர் கேட்டார்கள், ஓட்டுப் போட்டார்கள், திட்டினார்கள். 2022-ல் மைக்ரோசாஃப்ட் பக்கமிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? டாஸ்க்பாரைப் புதிதாக எழுதிவிட்டோம், அதைப் பக்கவாட்டில் வைத்தால் எல்லா மென்பொருளும் தன் இடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், அது பெரிய வேலை, கேட்கிறவர்களோ குறைவு, அதனால் இப்போதைக்கு இல்லை. அட, புதிதாக எழுதச் சொல்லி உங்களை யாராவது கேட்டார்களா? இன்றைக்கு வருகிற மானிட்டர் எல்லாம் அகலம் தாராளம், உயரம்தான் பஞ்சம். டாஸ்க்பாரை ஓரமாகத் தள்ளிவிட்டால் எக்ஸெல்லில் இன்னும் ஒன்றிரண்டு வரி கூடத் தெரியும் என்று கணக்குப் போட்டு வைத்தவன் முட்டாள் இல்லை. குறைவான பேர் என்று எண்ணிச் சொன்னார்களே, அந்த எண்ணிக்கை நம் கம்ப்யூட்டரிலிருந்து அவர்களுக்குப் போகும் தகவலை வைத்து எடுத்தது என்றால், இப்படியெல்லாம் நோண்டி அமைத்துக்கொள்கிறவன்தான் அந்தத் தகவல் அனுப்பலையும் முதல் வேலையாகக் குறைத்து வைக்கிறவன். அவன் எப்படிக் கணக்கில் வருவான்?

சரி, அது நிஜமாகவே கொஞ்சம் பேர் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியை எடுத்தீர்களே, அதற்கு என்ன சமாதானம்?

ஒரு ஆடிட்டர் ஆபீஸைப் பாருங்கள். மாதம் 10 தேதி ஆகிவிட்டது, 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு, போட்டாக வேண்டும். அக்கவுண்டன்ட் பெண்ணின் திரையில் டாலி என்கிற கணக்கு மென்பொருள் ஒரு பக்கம், அப்புறம் ஆறு எக்ஸெல் ஃபைல்: மளிகைக் கடைக்காரர் அனுப்பியது, ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பியது, போன மாதத்துக் கணக்கு, இந்த மாதத்துக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், பொருந்தாத பில்களைத் தனியாக எழுதி வைத்தது. பழைய டாஸ்க்பாரில் ஆறும் ஆறு பட்டையாக, பெயரோடு, திறந்த வரிசையில் இருக்கும். கை தானாகப் போகும். மூன்றாவது பட்டை போன மாதம், கண் பார்க்கவே வேண்டாம். விண்டோஸ் 11-ல் ஆறும் ஒரே பச்சை ஐகானுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அந்த ஐகானின் மேல் மௌஸை வைத்து, கொஞ்சம் காத்திருந்து, குட்டிக் குட்டிப் படமாக வருகிற ஆறு ஃபைலில் எது எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து (எல்லா எக்ஸெல்லும் தூரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், கட்டம் கட்டமாக), சரியானதைக் கிளிக் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் போகட்டும். ஒரு பில்லைச் சரிபார்க்க இரண்டு தடவை என்றால், நூற்றுக்கணக்கான பில்லுக்கு எத்தனை? "சார், போன மாசத்து ஷீட்டை மூடிட்டீங்களா, காணோமே" என்று அந்தப் பெண் கேட்க, "மூடலம்மா, உள்ளதான் இருக்கும், தேடிப் பாருங்க" என்று ஆடிட்டர் சொல்ல, அந்த ஆபீஸில் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான்.

ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பாரில் இருக்கிற மெயில் ஐகான் மேல் பிடித்தால் மெயில் திறந்து முன்னால் வரும், அங்கே போட்டுவிடலாம் என்று ஒன்று இருந்தது. அதுவும் 2021-ல் போச்சு. மௌஸ் அம்புக்குப் பக்கத்தில் ஒரு தடை வட்டம் காட்டியது, அவ்வளவுதான். டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்தால் டாஸ்க் மேனேஜர் வரும். கம்ப்யூட்டர் திக்கித் திணறும்போது முதலில் கை போகிற இடம் அதுதான். அங்கேயும் செட்டிங்ஸ் என்று ஒரே ஒரு வரியை வைத்துவிட்டு மீதியைத் துடைத்துவிட்டார்கள்.

இப்போது கோபத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எடுத்ததில் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். இழுத்துப் போடுவது 2022-ல் வந்தது. தனித்தனிப் பட்டை 2023 கடைசியில் வந்தது. டாஸ்க் மேனேஜரும் திரும்பி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது எப்படி வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். புதிய வசதியாம், உங்கள் கருத்துகளைக் கேட்டு உருவாக்கியதாம், மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்களாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைகூட இதைவிடத் தேவலை, அங்கே பிள்ளையாராவது கும்பிடு வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். இங்கே தேங்காய்க்காரனையே கூப்பிட்டு நன்றி சொல்லச் சொல்கிறார்கள்.

முதல் தடவை என்றாலும் மன்னித்துவிடலாம். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது ஞாபகம் இருக்கிறதா? பதினேழு வருஷமாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனையே கழற்றிவிட்டார்கள். டேப்லெட்டுக்காகச் செய்த கலர் கலர் கட்டங்களை மேசைக் கம்ப்யூட்டரின் முகத்தில் ஒட்டினார்கள். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும் என்றால் மௌஸை வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு பட்டை எட்டிப் பார்க்கும், அதில் செட்டிங்ஸ், அதில் பவர், அதில் ஷட்டவுன். அணைக்கத் தெரியாமல் சுவிட்சை ஆஃப் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உலகமே கத்தியது. ஒரு வருஷம் கழித்து 8.1-ல் பட்டன் மட்டும் வந்தது, மெனு வரவில்லை. அமுக்கினால் மறுபடியும் அதே கலர் கட்டம். மெனு முழுசாக வர 2015-ல் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது. இவ்வளவு அடி வாங்கியவர்கள் ஆறே வருஷத்தில் அதே வேலையை டாஸ்க்பாரில் செய்கிறார்கள் என்றால், அங்கே பழைய ஆட்கள் யாருமே மிச்சம் இல்லையா, இல்லை இருந்தும் வாயைத் திறக்க விடுவதில்லையா?

ரைட் கிளிக் மெனுவைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கட், காப்பி, பேஸ்ட், ரீநேம், டெலீட் எல்லாம் எழுத்தில் இருந்தன. அவற்றைப் பெயரில்லாத குட்டிப் படங்களாக்கி ஒரு வரிசையில் வைத்தார்கள். அந்த வரிசையாவது ஒரே இடத்தில் நிற்குமா? திரையின் மேல்பக்கம் கிளிக் செய்தால் மெனுவின் தலையில் இருக்கும், கீழ்ப்பக்கம் கிளிக் செய்தால் மெனுவின் காலடியில் இருக்கும். ரீநேம் படம் எது, ஷேர் படம் எது என்று யோசித்து முடிப்பதற்குள் செய்ய வந்த வேலை மறந்துவிடும். ஜிப் விரிக்கிற மென்பொருள், வைரஸ் பார்க்கிற மென்பொருள் எல்லாம் தங்களுக்கென்று வைத்திருந்த வரிகளில் பல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்கிற கடைசி வரிக்குப் பின்னால் போய்விட்டன. அதைக் கிளிக் செய்தால் என்ன வருகிறது? பழைய மெனு! அப்படியே, முழுசாக. அழித்தால்கூட ஒரு நேர்மை இருந்திருக்கும்; ஒளித்து வைத்து ஒரு கிளிக்கைக் கூடுதல் வரியாக விதித்திருக்கிறார்கள். அந்தப் படங்களுக்கு அடியில் பெயர் எழுத 2024 வரைக்கும் ஆனது, அதையும் ஒரு முன்னேற்றமாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"பழகிக்கோங்க சார், ரெண்டு வாரத்துல சரியாயிடும்." இதைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன், பழகுவது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஐம்பத்தைந்து வயதில், பேரேடு எழுதிய கையை மௌஸுக்கு மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்பது ஒரு வரிசை: இங்கே அமுக்கு, அது வரும், அங்கே அமுக்கு. நோட்டில் படம் வரைந்து, நம்பர் போட்டு, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு காலையில் ஐகானெல்லாம் இடது மூலையை விட்டு நடுவுக்கு நகர்ந்திருந்தால் அந்தச் சீட்டு குப்பை. அவர் பழகிக்கொள்வார், ஏனென்றால் வேறு வழி கிடையாது. அதற்கான நேரத்தை யார் சம்பளத்தில் ஏற்றுவது?

அப்புறம், கேட்கிற விதம். முடியாது என்று சொல்ல இடமே கொடுக்காமல் எப்படித்தான் கேட்பது என்று இவர்களிடம் பாடம் படிக்கலாம். 2016-ல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி ஒரு விண்டோ வரும். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடினால், மூடியதாக அர்த்தம் இல்லை, குறித்த நேரத்தில் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று அர்த்தம். இருபது வருஷமாக மூடுவதற்கு என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த குறி அது! கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி தன் தொழில் பாழானது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். எல்லை மீறிப் போய்விட்டோம் என்று அந்தக் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவர் கிறிஸ் கப்போசெலாவே அந்த வருஷக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி. இன்றைக்கும் அப்டேட் முடிந்து திரை வந்தால், உங்கள் கம்ப்யூட்டரை அமைத்து முடிப்போம் வாருங்கள் என்று முழுத்திரையில் ஒன்று வந்து நிற்கிறது. அமைத்து முடித்து வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கிற கம்ப்யூட்டரை! அதில் இருப்பது இரண்டே பட்டன். ஒன்று, தொடரலாம். இன்னொன்று, மூன்று நாள் கழித்து நினைவூட்டு. வேண்டாம் என்பதற்கு அவர்கள் அகராதியில் மூன்று நாள் என்று பொருள் போலிருக்கிறது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் அமுக்கி, கறுப்புத் திரையில் ஒரு மந்திரம் தட்டினால் தப்பிக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025-ல் சோதனைப் பதிப்புகளில் அந்த மந்திரத்தையும் எடுத்தார்கள். கணக்குக் கொடுத்து உள்ளே போனால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் என்கிற அவர்களுடைய இணையக் கிடங்குக்குக் குடிபெயர்ந்திருக்கும். இலவசம் 5 ஜிபிதான். அது எத்தனை கல்யாண ஃபோட்டோவுக்குத் தாங்கும்? நிரம்பியதும் இடம் வாங்கச் சொல்லி நச்சரிப்பு. 2024-ல் ஸ்டார்ட் மெனுவிலேயே விளம்பரம், ஆனால் அதற்குப் பெயர் பரிந்துரை. அதே வருஷம் மே மாதம், சில விநாடிகளுக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கிறோம் என்று ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்களே, பாதுகாப்பு ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு கத்திய பிறகுதானே அதைத் தள்ளிப்போட்டார்கள், நாமாகப் போட்டுக்கொண்டால்தான் இயங்கும் என்று மாற்றினார்கள்? கத்தினால்தான் நகர்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என்னை ஏன் கத்துகிறாய் என்று கேட்காதீர்கள்.

பாதுகாப்புக்காக அப்டேட் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகிறது, நமக்கு அது அன்றைக்கு ராத்திரி, காலையில் ஆபீஸுக்கு வரும்போது புதன்கிழமை. தேதியைப் பாருங்கள், 9-லிருந்து 15-க்குள் விழும். ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதியின் தலைமாட்டில். ஓட்டையை அடைக்கிற மருந்தோடு ஐகானை நகர்த்துகிற வேலையையும் ஒரே பொட்டலத்தில் கட்டுவானேன் என்பதுதான் கேள்வி. மருந்தே சில சமயம் விஷமாகிறது: 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபைல்களையே அழித்துவிட்டது, சில நாளில் திரும்பப் பெற்றார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிற்கப்போகிறது, யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்துகிறது, திரையில் 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று 35 சதவீதத்தில் வட்டம் சுற்றுகிறது என்றால் அந்த நிமிஷத்தின் ரத்த அழுத்தம் ரெட்மண்டில், மைக்ரோசாஃப்ட் தலைமை ஆபீஸில், உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. இன்னொரு கூத்து, 'அப்டேட் செய்து ஷட்டவுன்' என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் வந்து பார்க்கும்போது கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது ஷட்டவுன் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். வருஷக்கணக்காக இருந்த இந்தக் கோளாறை 2025 கடைசியில்தான் சரிசெய்ததாகக் குறிப்பு வெளியிட்டார்கள். அணை என்றால் அணைப்பதற்கு!

வேண்டாம் என்று விண்டோஸ் 10-லேயே இருந்தவர்களுக்கும் 2025 அக்டோபர் 14-ல் கதவைச் சாத்தினார்கள். விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், அதாவது 2017-க்கு முன்னால் வாங்கியது எவ்வளவு நன்றாக ஓடினாலும் தள்ளுபடி. தமிழக அரசு 2011-லிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆரம்ப கால மடிக்கணினிகளில் இன்னும் மூச்சு இருப்பது எத்தனையோ வீட்டில் உண்டு, அவை எதுவும் அந்தப் பட்டியலில் வராது. இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வேண்டுமா, கணக்கு தொடங்கு, அப்புறம் 30 டாலர் கொடு, இல்லையென்றால் செட்டிங்ஸை எங்கள் சர்வரில் சேர்த்து வை என்றார்கள். மறுபடியும் கணக்கு! ஐரோப்பாக்காரர்கள் சண்டை போட்டதால் அவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள்.

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறு என்று வருகிறவர்களே, டாலி அதில் நேராக ஓடினால் சொல்லுங்கள், நாளைக்கே மாறுகிறேன். விண்டோஸின் உள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி மாற்றினால் போதும் என்கிறவர்களே, நோட்டில் படம் வரைந்து வைத்திருக்கும் அந்த மனிதரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஸ்டார்ட்ஆல்பேக் மாதிரி ஒரு மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸின் மேல் பழைய டாஸ்க்பாரைப் போட்டுக்கொள்கிறார்கள். 2024 அப்டேட்டின் சோதனைப் பதிப்பில் அதையும் பொருந்தாது என்று சொல்லி மறித்தார்கள். ஃபைலின் பெயரை மாற்றி வைத்தால் ஓடிவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் மேசையில், நம் கம்ப்யூட்டரில், ஒரு பட்டையை நமக்குப் பிடித்த மாதிரி வைக்க மாறுவேஷம் போட வேண்டியிருக்கிறது, போங்கள்.